பேராசிரியர் துந்தாரொவ் கேள்வி கேட்கிறார்

கேள்வி கேட்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. பதில் இவர்களுக்குத் தேவைப்படாது. கேள்விக்குள்ளேயே அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, எழுந்து முகம் கழுவிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் இந்த இனம் கொழுத்து வளர்வது ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறைகளில்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக முடியாத இடம் வேறு எது?

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இந்த இனத்தின் மூத்த பிரதிநிதி புவியியல் பேராசிரியர் லச்சேசர் துந்தாரொவ். வேலைக்கு வருகிறவர்களின் ஆய்வேடுகளை அவர் படிக்காமல் வருவதில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். மேற்கோள் நூல்களின் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மூடிவிடுவார். இல்லாவிட்டால், எழுத்துப்பிழையாக எங்காவது இருக்குமோ என்று இன்னொரு முறை தேடுவார். அப்புறம்தான் மூடுவார்.

போன வசந்தத்தில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தவள் சோர்னித்சா கலேவா. பல வருடங்களாக அதே துறையில் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் எடுத்து வந்தவள். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் ஜெர்மனிக்குப் போய், அக்கா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிடுவது என்று அவளும் அவள் கணவன் பொய்கோவும் பேசி முடித்திருந்தார்கள். மாணவர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அவளுடைய ஆய்வு ஊரின் தாழ்வான பகுதியில் வரும் வெள்ளத்தைப் பற்றியது. வெள்ளத்துக்குக் காரணம் மழையும் இல்லை, நதியும் இல்லை, நதியைத் தடுக்கக் கட்டிய கரைதான் என்று நிறுவியிருந்தாள். மழைத்தண்ணீர் நதிக்குப் போக வழியில்லாமல் கரைக்கு இந்தப் பக்கமே தேங்கி நின்றது. கரையை எங்கே கட்டுவது என்று யோசனை சொன்னவர் துந்தாரொவ். ஆகவே அவளுடைய நூற்பட்டியலில் அவர் பெயர் வரிக்கு வரி இருந்தது. அவருக்குப் பரம சந்தோஷம்.

அவளுக்கு முன்னால் உள்ளே போனவன் பிளாமென் என்ற இளைஞன். வெளிநாட்டில் படித்த கெட்டிக்காரன். வெளியே வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. கேள்வியின் நடுவில் பேராசிரியர் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருக்கிறார். இவன் கேள்வி முடிந்துவிட்டது என்று நம்பிப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். அதுவும் சரியான பதில்.

"உள்ள போனா வாயத் தொறக்காதீங்க" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே துறைத் தலைவர் மின்கொவ் காகிதத்தில் சுற்றிய பானித்சா என்ற பலகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அறை முழுக்க மணத்தன. துந்தாரொவ் அவளைப் பரிவோடு பார்த்தார். அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, தான் முதன்முதலில் அந்த நதியை அளக்கப் போன படகில் ஏறினார். படகோட்டியின் குணநலன்களைச் சொன்னார். பிடித்த கெளுத்தி மீனின் நீளத்தைக் கை விரித்துக் காட்டினார். ஒரு மாநாட்டில் தன்னை வணங்கிய வெளிநாட்டு அறிஞரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது. சோர்னித்சா தலையாட்டினாள். தயாரித்து வந்த பதில்கள் எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றன.

படகு ஒருவழியாகக் கரைக்கு வந்தது.

"நாங்க அந்தக் கரையக் கட்டினப்புறம் அங்க வெள்ளமே வந்ததில்லையேம்மா. அதத்தானே நீங்களும் நிரூபிச்சிருக்கீங்க?"

முந்திய வருடம்தான் அந்தத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து அவள் அளவெடுத்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து, அளந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருந்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஜெர்மனி.

"அந்தக் கரை இல்லன்னா என் ஆய்வே இல்ல, சார்" என்றாள்.

மின்கொவ் மெல்லுவதை நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் ஆய்வேட்டை முன்பக்கத்திலிருந்து படித்தவர். பிறகு அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார்.

வேலை அவளுக்கே கிடைத்தது. இவ்வளவு ஆழமாகப் பதில் சொன்ன ஒருவரைத் தான் கண்டதே இல்லை என்று துந்தாரொவ் தாழ்வாரத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

வாசலில் பொய்கோ காத்திருந்தான். அவனைப் பார்த்ததும் சோர்னித்சா பேசத் தொடங்கினாள். படகு, படகோட்டி, மீன், தான் சொன்ன அந்த ஒரு வரி, அதைச் சொன்ன விதம், மின்கொவ் பார்த்த பார்வை, மறுபடியும் அந்த வரி. பேருந்தில் பேசினாள், பாலத்தில் பேசினாள், மாடிப்படியிலும் பேசினாள். அவன் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தான். வீட்டுக் கதவருகே சாவியை அவளிடம் நீட்டி, திறக்கச் சொன்னான். அப்போதுதான் அவனுடைய வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

"கையில என்ன?"

"விறகு அறுக்கறப்ப பட்டுடுச்சு. தையல் போட்டிருக்காங்க. அப்பவே சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"நீ படகுல இருந்தப்ப."

அவள் கதவைத் திறந்து, அவனை முதலில் உள்ளே போக விட்டாள். பல வருடங்கள் தவம் கிடந்து வாங்கிய வேலையில் அவள் இன்னும் சேரக்கூட இல்லை.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதைப் படிக்கும்போதே, நீங்கள் போய்வந்த ஏதோ ஒரு நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்து, அதை யாரிடமாவது சொல்ல நாக்கு துடித்திருக்குமே? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கொஞ்ச நேரமாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது என்னவென்று கேட்டுவிட்டு வாருங்கள்.