நீல மூடி, சிவப்பு மூடி, மச்சினனின் விரதம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கடையில் ஒரு பொருளை எடுத்தால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்க மாட்டேன். படத்தைப் பார்த்து வாங்குகிற ரகம். ஒரு முறை பற்பசை என்று நினைத்து மூட்டுவலித் தைலத்தை வாங்கி வந்து பல் துலக்கியவன். (அன்று முழுவதும் எனக்குப் பல்லும் வலிக்கவில்லை, மூட்டும் வலிக்கவில்லை. வாய் இருக்கிறதா என்பதே தெரியவில்லை.)

இப்படிப்பட்டவன் சும்மா இருந்திருக்கலாம். மாமனார் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நானும் கவிதாவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அவளுடைய குடும்பம் கிள்ளானைத் தாண்டி மேரு என்கிற ஊரில். மாமா ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை இருபது வருடம் சாலையோரத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் கோழிப் பிரட்டலும் விற்றவர். கவிதாவுக்கு ஒரே தம்பி, தினேஷ். என்னைவிட ஆறு வயது சின்னவன். அதிகம் பேச மாட்டான். எது சொன்னாலும் சிரிப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும்.

அந்த வருடம் அத்தைக்கு இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு தினேஷ், அம்மா நல்லபடியாக வெளியே வந்தால் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அத்தை நல்லபடியாக வந்துவிட்டார். பையன் சொன்ன சொல் தவறாமல் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் முன்பே விரதம் தொடங்கினான். தரையில் படுக்கை, பச்சைத் தண்ணீரில் குளியல். கவிச்சி என்கிற பேச்சே கிடையாது. வெளியே ஒரு வாய் தேநீர்கூடக் குடிப்பதில்லை, கிளாஸைக் கறிப் பாத்திரத்தோடு கழுவியிருப்பார்களோ என்று பயம். அத்தை போனில் பேசும்போதெல்லாம், "எனக்காக எம்புள்ள தரையில கெடக்குறான்" என்று குரல் உடைந்து போவார்.

அப்பேர்ப்பட்ட விரதத்தின் நாற்பத்தோராம் நாள்தான் நான் விருந்து வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஏர் ஃபிரையர், எண்ணெய் இல்லாமல் சூடான காற்றிலேயே பொரிக்கிற பெட்டி. இணையத்தில் தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்று வாங்கிவிட்டேன். வந்து பத்து நாளாகியும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அதற்குள் அதை வைத்துச் சமைக்கும் வீடியோக்களை நாற்பது ஐம்பது பார்த்து முடித்திருந்தேன். அவற்றில் ஒன்று, எண்ணெய் இல்லாமல் பன்னிரண்டு நிமிடத்தில் கோழி உருண்டை. கொத்திய கறி, ரொட்டித் தூள், இஞ்சி பூண்டு, ஏதாவது ஒரு பச்சை இலை. பிசைந்து, உருட்டி, உள்ளே தள்ளினால் முடிந்தது. அந்த வீடியோவில் பேசிய பெண் ஒரு தடவைகூட வியர்க்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஞாயித்துக்கிழம உங்க வீட்டாளுங்கள கூப்பிடு. நான் சமைக்கிறேன்" என்றேன் கவிதாவிடம்.

"நீங்களா?"

"அத்தைக்கு எண்ணெ ஆகாதுல்ல. ஏர் ஃபிரையர்ல கோழி உருண்ட."

"தினேஷ் விரதம்லா. அவன் எப்படி வருவான்?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்கு எல்லாக் கெடுதலும் நடந்திருக்கிறது.) ஏர் ஃபிரையர் புதுசு, கறி படாதது. முதலில் அவனுக்குச் சைவக் கோழி உருண்டையைப் போட்டு எடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு நிஜக் கோழியைப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சைவக் கோழி என்பது சோயாவில் கோழி மாதிரியே செய்து உறைய வைத்து விற்பது. விரதம் வந்துவிட்டால் நம் ஆட்கள் சைவக் கோழி, சைவ ஆடு, சைவ மீன் என்று ஒரு பண்ணையையே சாப்பிடுவார்கள். சாமியும் கண்டுகொள்வதில்லை.

கவிதா யோசித்தாள். அவள் நர்ஸ், அதனால் நிபந்தனைகளோடுதான் சம்மதிப்பாள். இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி, எல்லாம் புதுசு. நீல மூடி போட்டது சைவம், சிவப்பு மூடி போட்டது கோழி. ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மற்ற சமையலை, சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றையும் அவள் முதல் நாளே செய்து வைத்துவிடுவாள். ஞாயிறு காலை அவளுக்கு வேலை. இரண்டு மணிக்கு முடிந்ததும் ரயிலில் வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வருவாள்.

"பாக்கெட்ட படிச்சுப் பாத்து வாங்குங்க" என்று வேறு சொன்னாள்.

"படத்தப் பாத்தா தெரியாதா?" என்றேன்.

ஞாயிறு காலை பேரங்காடிக்குப் போனேன். குளிர்பெட்டியில் இரண்டு பாக்கெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கொழுத்த கோழி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொன்றில் பச்சைப் பசேலென்று இலை. கோழி போட்டது கோழி, இலை போட்டது சைவம். அரை நிமிட வேலை. அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஆன்டியைப் பார்த்து மனசுக்குள் பரிதாபப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். அன்று எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு இருந்தது, வாசனை இல்லை. முதலில் இலை பாக்கெட்டைப் பிரித்து, கொத்தமல்லி அரைத்துப் போட்டுப் பிசைந்து நீல மூடி போட்டேன். ஈரமாக, கையில் பிசுபிசு என்று ஒட்டியது. சைவக் கோழி எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்தேன். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுக் கோழிப் பாக்கெட். அதில் புதினா. அது உதிர் உதிராகப் போனது. கொழுப்பில்லாத கோழி போலிருக்கிறது, அத்தைக்கு நல்லது என்று ரொட்டித் தூளை இன்னும் கொட்டி அதட்டி உருட்டினேன். சிவப்பு மூடி.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது, அதாவது என் கணக்கில்.

அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட ஆசை வந்தது. இரண்டு மூடியையும் திறந்து, கிண்ணங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து நாலு, அந்தப் பக்கத்திலிருந்து நாலு என்று எடுத்தேன். ‘மாப்பிள்ளை கைவண்ணம்’ என்று போட்டு அனுப்பினேன். மாமா கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். அதைப் பார்த்த பூரிப்பில் மூடிகளைப் போட்டேன். எதை எதில் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. அப்போதும் இல்லை. ஆனால் சந்தேகமும் இல்லை.

இரண்டரை மணிக்கு எல்லோரும் வந்தார்கள். ஏர் ஃபிரையரை அவர்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை துடைத்து, நீல மூடிக் கிண்ணத்திலிருந்து உருண்டைகளை எடுத்து வைத்தேன். நூற்றெண்பது டிகிரி, பன்னிரண்டு நிமிடம். ‘டிங்’ என்றதும் எடுத்துத் தினேஷ் தட்டில் வைத்தேன். அடுத்து சிவப்பு மூடி, மற்றவர்களுக்கு.

"கோழின்னா இதுதான் கோழி" என்றார் மாமா, நாலாவது உருண்டையில். அத்தையும் தலையை ஆட்டி, "எண்ணெயே இல்லாம நல்லா வந்துருக்கு, மாப்ள" என்றார். இருபது வருடம் கோழி விற்ற வாயிலிருந்து அந்த வார்த்தை. எனக்குச் சட்டை இறுக்கமானது போல இருந்தது.

அப்போது தினேஷ் மூன்றாவது உருண்டையைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தான். "மச்சான், புதினா வாசம் நல்லா இருக்கு லா."

புதினா.

புதினா போட்டது கோழியில். கோழியில் மட்டும்தான். நான் தினேஷைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாற்பத்தோரு நாள் தரையில் படுத்த பையன், அம்மா உயிருக்காகச் சாமிக்குச் சொன்ன சொல், அதை நான் புதினா போட்டுப் பன்னிரண்டு நிமிடத்தில் பொரித்துக் கொடுத்துவிட்டேன்.

தண்ணீர் எடுப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குள் ஓடினேன். என் முகத்தைப் பார்த்துக் கவிதாவும் பின்னால் வந்தாள். சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா?"

"மூடி மாறிப் போச்சு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

"சொல்லாம விட்றலாமா?" என்றேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஹாலில் அவன் இன்னொரு உருண்டையை எடுத்துவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. அவன் என்னை நம்பி வந்து சாப்பிடுகிறான். வெளியே தேநீர்கூடக் குடிக்காதவன். கவிதா பதில் சொல்வதற்குள் நானே ஹாலுக்குப் போய் நின்றேன்.

"தினேஷ், சாப்பிடாத. நான் தப்புப் பண்ணிட்டேன். மூடி மாறிப் போச்சு. நீ சாப்பிட்டது கோழி."

தினேஷ் கையில் இருந்த பாதி உருண்டையைத் தட்டில் வைத்தான். எழுந்து போய் வாய் கொப்பளித்தான், நெடுநேரம். திரும்பி வந்து, "பரவால்ல மச்சான். தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் என்னை ஒரு அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வலி குறைந்திருக்கும்.

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் பாருங்கள், வீட்டு மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. அவர் என்னைத் தாண்டிக் கவிதாவைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்கா? ஒரு வேலைய யார் கையில குடுக்கிறதுன்னு தெரிய வேணாம்?"

"நான் வேலைக்குப் போயிருந்தேன்பா."

"படிச்ச புள்ளதானே நீ? மூடி மாறும்னு தெரியாது? மடத்தனமா மூடியப் போட்டுட்டு, படம் வேற எடுத்து அனுப்புற?"

படம் அனுப்பியது அவள் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்து அவளுக்கு விழுந்த திட்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டேன்.

அத்தை அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, தினேஷ் தட்டில் இருந்த பாதி உருண்டையை எடுத்தார். விரலால் பிய்த்தார். மோந்தார்.

"இதுல நாரே இல்லையே. இது கோழி இல்ல" என்றார்.

"இல்ல அத்தை, கோழிதான்" என்றேன்.

"இல்ல மாப்ள."

"நான்தானே செஞ்சேன் அத்தை. நல்லாத் தெரியும். கோழிதான்."

ஒரு மனிதன் தன் குற்றத்தை நிரூபிக்க இவ்வளவு பாடுபட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அத்தை தன் தட்டில் இருந்த உருண்டையையும் பிய்த்தார். "இந்தா பாரு நாரு. இதுதான் கோழி. கவிதா, குப்பையில அந்தப் பாக்கெட்டு கெடக்கும், எடுத்துட்டு வா."

கவிதா கொண்டு வந்தாள். கோழிப் படத்துக்குக் கீழே, கோழியின் கால் விரல் அளவுக்குச் சின்ன எழுத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். சோயா. முழுக்க முழுக்கச் சைவம். பிறகு இலைப் பாக்கெட்டைத் திருப்பினாள். மூலிகைத் தீவனம் தின்று வளர்ந்த கோழி, கொத்தியது. இலை அந்தக் கோழி சாப்பிட்டதாம்.

ஹாலில் எல்லோரும் மெதுவாகக் கணக்குப் போட்டார்கள். கடையில் நான் மாற்றி வாங்கினேன். வீட்டில் மூடியை மாற்றிப் போட்டேன். மாற்றியதை மாற்றியதில் எல்லாம் சரியாகிவிட்டது. தினேஷ் சாப்பிட்டது சைவம். ஏர் ஃபிரையரில் முதலில் போனதும் சைவம். மற்றவர்கள் சாப்பிட்டது கோழி. அந்த வீட்டில் யார் எதைச் சாப்பிட வேண்டுமோ அதைத்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

"கை கழுவினீங்களா மச்சான்? நடுவுல?" என்று கேட்டான் தினேஷ்.

"சோப்புப் போட்டு, ரெண்டு தடவ."

"சாமி மேல?"

"சாமி மேல."

முதலில் சிரித்தது அவன்தான். பிறகு அத்தை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

மாமா நிதானமாக ரசத்தை ஊற்றிக்கொண்டார். "அப்ப மாப்ள வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"ஒண்ணுமே இல்லப்பா" என்றாள் கவிதா. திட்டு வாங்கியவள், அந்தத் திட்டு அத்தனைக்கும் சேர்த்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, சீக்கிரம் சாப்பிட்டுக் கெளம்புவோம். மூணாவது தப்பு ஒண்ணு பண்ணிட்டார்னா மறுபடி கோழியாயிரும்" என்றார் மாமா.

அடுத்த வாரம் தினேஷ் காவடி எடுத்தான். படி முழுவதும் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே ஏறியவன் நான். (போத்தல் மேல் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர்தான்.) மேலே போய்ச் சேர்ந்ததும் அத்தை அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கு அவரைவிடக் காரணம் அதிகம்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் இருக்கும். தினேஷ் இப்போதும் வருடா வருடம் விரதம் இருக்கிறான், விரதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சைவப் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் நான் ஹாலுக்கு நடுவில் நின்று, அதில் எழுதியிருப்பது முழுவதையும், குளிரில் எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்பது வரை, சத்தமாகப் படிக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கிண்ணங்களில் அத்தை கையாலேயே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. நீல மூடியும் இல்லை, சிவப்பு மூடியும் இல்லை.

இந்த வருடமும் அப்படித்தான். படித்து, உருட்டி, பொரித்து, தினேஷ் தட்டில் வைத்தேன். அவன் சாப்பிடாமல் என்னையே பார்த்தான்.

"மச்சான், இன்னிக்கு எத்தன தப்பு?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் மூணு தடவ பாத்துட்டேன்" என்றேன் பெருமையாக.

அவன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான்.

"பயமா இருக்கு மச்சான். ரெண்டு பண்ணிட்டு வாங்க, சாப்பிடுறேன்."