குற்றாலத்தில் காப்பாற்றப்பட்ட அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்

அமெரிக்காவின் பள்ளிக்கூடங்கள் இன்றைக்கும் இழுத்து மூடப்படாமல் நடக்கின்றன என்றால், அதற்குக் காரணம் 1958ஆம் வருஷம் ஜூன் மாதம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஐந்து பெரிய மனிதர்கள் குளிக்கப் போவதற்கு முன் எடுத்த ஒரு முடிவுதான். அமெரிக்கர்கள் இதை எங்கும் ஒப்புக்கொண்டதில்லை. பணக்கார நாடுகளுக்கு நன்றி கொஞ்சம் குறைவுதான்.

அந்த ஐந்து பேரும் சேர்ந்ததுதான் 'நாணல்குளம் பாலர் கல்வி வளர்ச்சிச் சபை'. நாணல்குளம் என்பது வடகரைக்குப் பக்கத்தில் எழுபது வீடுகள் உள்ள ஊர். அங்கே சபை ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தது. ஐந்தாம் வகுப்பு வரை. சபை கூடுவது மட்டும் குற்றாலத்தில், சாரல் காலத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை. கல்வியைச் சூடான தலையோடு யோசிக்கக் கூடாது என்பது சபைத் தலைவர் பண்ணையார் நாறும்பூநாதனின் கொள்கை.

அன்று காலை பண்ணையாரின் பங்களாத் தாழ்வாரத்தில் நாணல்குளத்து முப்பிடாதியம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கையில் ஒரு தாள். 'நாணல்குளத்தில் ஆறாம் வகுப்பு தொடங்கச் சபை இதனால் தீர்மானிக்கிறது' என்று வாத்தியார் ஆறுமுகநயினார் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். சபையார் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் டிப்டி இன்ஸ்பெக்டர் ஆபீசில் அது சேர வேண்டும். அவ்வளவுதான். ஊர்க்காரர்களே ஓலைக் கொட்டகை போட்டுவிட்டார்கள். ஆறாம் வகுப்பையும் தானே எடுத்துக்கொள்வதாக வாத்தியார் சொல்லிவிட்டார். தாள் போய்ச் சேராவிட்டால் பையன்கள் செங்கோட்டைக்கு நடப்பார்கள். பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு தேறிய பெண்கள் ஏழு பேர். வகுப்பில் முதலாவது வந்தவள் முப்பிடாதியின் மகள் உலகம்மாள்.

"நீங்களே போகப்படாதா வாத்தியாரய்யா?" என்று தாளை வாங்கும்போதே முப்பிடாதி கேட்டுத்தான் பார்த்திருந்தாள்.

"நான் போனா எதுத்துப் பேசுதாம்னு எஞ் சீட்டக் கிழிச்சிருவாவ. ஒனக்குக் கிழிக்கதுக்குச் சீட்டே கெடையாதுல்லா. நீ போ."

சபையின் முதல் பொருள் அமெரிக்கா. இரண்டாவது ஆறாம் வகுப்பு. உலக ஒழுங்கு தெரிந்தவர்கள் போட்ட வரிசை.

விஷயம் இதுதான். முந்தின வருஷம் ருஷ்யா வானத்தில் ஒரு பந்தை ஏற்றிச் சுற்றவிட்டது. அதை அண்ணாந்து பார்த்த அமெரிக்கா, நம் பிள்ளைகளுக்குப் படிப்புப் போதவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. பாடத்தைக் கடினமாக்கலாமா, வாழ்க்கைக்கு உதவும்படி எளிதாக்கலாமா என்று அங்கே ஒரே அடிதடி. மெட்ராஸ் பேப்பரில் இதைப் படித்த நாளிலிருந்து தென்காசி வக்கீல் சிவசுப்பிரமணியனுக்குக் கட்சிக்காரர்கள் சொல்வது காதில் ஏறவில்லை.

"கணக்கு! கணக்கக் கூட்டணும்!" என்று மேசையைத் தட்டினார் வக்கீல். "அங்கன பள்ளிக்கூடத்துல கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கானாம் வே! கார் ஓட்டதுக்கு ஒரு வாத்தியாரு! அந்த நாடு வெளங்குமா?"

"ஏன் வெளங்காது?" என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் குத்தாலிங்கம். "எம் மவனுக்கு அந்தப் பாடம் இருந்திருந்தா காரக் கொண்டுபோயி இலத்தூர்க் கொளத்துல எறக்கியிருப்பானா? வாழ்க்கைக்கு ஒதவுததுதான் படிப்பு."

"அதாம் பாரும். ருஷ்யாக்காரன் மேல போதான், ஒம்ம மவன் தண்ணிக்குள்ள போதான்."

தாசில்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு 'வெளிநடப்பு' செய்தார். வெளியே சாரல் வலுத்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். சபை வரலாற்றில் மிகக் கடுமையான நெருக்கடி இவ்வாறு தீர்ந்தது.

மற்ற இரு உறுப்பினர்களும் பேசவில்லை. ஒருவர் வடையில் இருந்தார். இன்னொருவர் தூக்கத்தில் இருந்தார்.

பண்ணையார் இரண்டு தரப்பையும் இணைத்து ஒரு தீர்மானம் சொல்ல, வக்கீல் எழுதினார். எழுதியதை எழுந்து நின்று படித்தார்: "இடமில்லை என்றோ, ஏழை என்றோ, பெண் என்றோ எந்த அமெரிக்கக் குழந்தையின் படிப்பும் பாதியில் நிற்கலாகாது. குழந்தையின் அறிவு குறித்த காலத்தில் வளர்வது. ஒரு நாள் தாமதமும் குற்றமாகும்."

தூங்கிய உறுப்பினரை எழுப்பி, ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள்.

முப்பிடாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாழ்வாரத்திலிருந்து ஓர் எட்டு உள்ளே வைத்தாள்.

"அய்யா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீய. இதுலயே அமெரிக்காங்கத அடிச்சிட்டு நாணல்குளம்னு போட்டுட்டா எங்க சோலியும் முடிஞ்சிரும். இன்னொரு தாளு எதுக்கு?"

ஐந்து தலைகளும் தாழ்வாரத்துப் பக்கம் திரும்பின.

"நீ யாரு?" என்றார் பண்ணையார்.

"நாணல்குளம் முப்பிடாதி. எம் மவ ஆறாப்புக்கு நிக்கா."

"ஏளா, நெறவேறுன தீர்மானத்துல ஊர மாத்தப்படாது. அது மோசடி," என்றார் வக்கீல். "நாலுநூத்தி இருவது."

"கொள்கை வேற, நடைமுறை வேற," என்றார் தாசில்தார். "அமெரிக்காவுக்குச் சொன்னது கொள்கை."

"சரிய்யா. அப்பம் இந்தத் தாளுல நடைமுறையாவே ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாளைக்குக் கெடு."

பண்ணையார் பேனாவை எடுக்கத்தான் கை நீட்டினார். அதை மறுப்பவர் பொய்யர். ஆனால் அதே நேரத்தில் எண்ணெய் தேய்க்கும் மூசா கிண்ணங்களோடு உள்ளே வந்துவிட்டார். குற்றாலத்தில் காய்ச்சிய எண்ணெயைக் காக்கவைக்கும் வழக்கம் கிடையாது. முப்பிடாதி தாளை நீட்டுவதற்குள் பத்துக் கைகளும் முழங்கை வரை பளபளத்தன.

"கையத் தொடச்சுட்டுப் போடலாமே அய்யா. அந்தா துண்டு கெடக்கு."

"தொடச்சா எண்ணெ ஒடம்புல எறங்காது," என்றார் மூசா. அவரும் ஒரு நிபுணர்.

"எண்ணெ பட்ட தாளுல மை நிக்காது. தஸ்தாவேஜி கெட்டுப்போவும்," என்றார் தாசில்தார். "குளிச்சிட்டு வாரோம். இரி."

அருவியில் கூட்டம். ஐந்து பேரும் குளித்து வரப் பகல் ஒரு மணி. குளித்தால் பசிக்கும். சாப்பிட்டால் கண் சொக்கும். இவை இயற்கை விதிகள், சபை போட்டவை அல்ல. முப்பிடாதி தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நனையாத ஒரு தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குப் பண்ணையார் காப்பியோடு வெளியே வந்தார்.

"இன்னும் போகலியா நீ? பொம்பளப் பிள்ளைய எத்தன பேரு?"

"ஏழு பேருய்யா."

"வயசு?"

"பதினொண்ணு, பன்னெண்டு."

"ஒடம்பு சொகமெல்லாம் நல்லா இருக்காவளா?"

முப்பிடாதிக்கு மனம் குளிர்ந்தது. இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. "நல்லா இருக்காவய்யா. எம் மவ ஒரு நாளுகூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதில்ல."

"ம்." பண்ணையார் காப்பியை ஆற்றினார். கொஞ்ச நேரம் வயல்கள் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சபை ஆறாம் வகுப்பை நிராகரித்ததாகச் சிலர் பின்னால் வதந்தி பரப்பினார்கள். அது அவதூறு. அன்று மாலையே சபை கூடி, இந்த 'முக்கியமான' கோரிக்கையை அவசரத்தில் பாழாக்கக் கூடாது என்று முடிவு செய்து, பண்ணையார் தலைமையில் ஓர் உபகுழு அமைத்தது. அடுத்த சாரலுக்குள் அறிக்கை தர வேண்டும். இந்தத் தீர்மானத்தில் ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். மை நன்றாக நின்றது.

அமெரிக்காவுக்கு அனுப்பிய தீர்மானத்துக்குப் பதில் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று பொருள்கொண்டு சபை அதைக் கொண்டாடியது.

உபகுழு சொன்ன சொல் தவறாமல் மறு வருஷம் அறிக்கை தந்தது. நேரில் போய் விசாரித்து எழுதிய, ஒரு வரிகூடப் பொய்யில்லாத அறிக்கை: 'மேற்படி ஏழு சிறுமியரும் தற்போது வேலையில் இருப்பதால் நாணல்குளத்தில் ஆறாம் வகுப்புக்குத் தேவை எழவில்லை.'

வேலை பண்ணையாரின் வயலில். கார் பருவ நெல் நடவுக்கு அந்த வருஷமும் அவர் ஆள் தேடி அலையவில்லை. ஏழு பேரும் வரிசை பிசகாமல் நட்டார்கள், அரைக்கூலிக்கு. குற்றாலத்துக்கு வந்த விருந்தாளிகளைப் பண்ணையார் வரப்புவரை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"அமெரிக்காவுல உண்டா வே இது? அம்புட்டும் அஞ்சாப்பு பாஸு!"