தனியாவே நிக்கும் பெட்டி

இனிமேல் கம்ப்யூட்டரைக் கையால் தொடுவதில்லை என்று டமாரம் சபதம் எடுத்தார். காலை நேரம். கையில் காப்பி. சபதத்தை உட்கார்ந்துகொண்டு எடுத்தால் எடுபடாது என்று எழுந்து நின்றே எடுத்தார். காப்பி சட்டையில் சிந்தியது. சபதம் சிந்தவில்லை.

"கேட்டுக்கோ. இனிமே எனக்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"பாவம், அத என்ன பண்ணினீங்க?" என்றாள் மனைவி.

'அது என்ன பண்ணுச்சு' என்று கேட்கவில்லை பாருங்கள். அந்த இடத்திலேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

டமாரம் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். விளம்பரங்களுக்குப் பாட்டுக் கட்டுவது அவர் தொழில். சோப்பு, குடை, பூட்டு, எதுவானாலும் அவர் இரண்டு தட்டுத் தட்டினால் சாமான் கடையில் நிற்காது. அதோடு மனசில் இருப்பதை மொட்டைமாடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிடும் வாயும் உண்டு. கைக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர் என்று எதற்கு வைக்க வேண்டும்? ஒரே பெயரில் முடித்துவிட்டார்கள்.

மனைவி புத்தகம் வாசிக்கிறவள். தனக்காக இல்லை, காதால் புத்தகம் கேட்கிறவர்களுக்காக. என்ன குரல் என்கிறீர்கள்! தண்ணீர் வரி நோட்டீசை அவள் வாசித்தாலும், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றும். அப்பேர்ப்பட்ட குரல் இத்தனை நாளும் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. தொங்குகிற துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது ஏற்பாடு. எதிரொலியைக் குடித்தது சரி, ஹேங்கரை என்ன செய்ய? கதாநாயகி கண்ணை மூடி உயிர் விடுகிற இடத்தில் 'கிளிங்' என்று ஒன்று விழும். இப்போது அவளுக்குப் பெரிய நாவல் ஒன்று வந்திருந்தது. இனி ஒரு கிளிங் கேட்டாலும் வேறு குரலைப் பார்த்துக்கொள்வோம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, காற்றுகூட நுழையாமல் கதவு சாத்துகிற அறை அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அது டமாரத்தின் அறை. சுழல் நாற்காலி போட்டு அதில் ராஜா மாதிரி இருந்தார். கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. இடியை விடுங்கள், 'என்னங்க, இந்தக் குப்பையக் கீழ கொண்டுபோய்ப் போடுங்க' என்பது கேட்காது. அந்த அறையைத்தான் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு பெட்டி மேல் ஆசை விழுந்தது. குரூவ்பாக்ஸ். கட்டம் கட்டமாக ரப்பர் பொத்தான்கள். ஒன்றைத் தட்டினால் மேளம், ஒன்றைத் தட்டினால் ஜால்ரா, திருகைத் திருப்பினால் பூமிக்கு அடியிலிருந்து ஒரு முழக்கம். ஒரு தடவை தட்டிக் கொடுத்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசிக்கும். கம்ப்யூட்டரே வேண்டாம்.

அவர் போட்ட திட்டம் இதுதான். பெட்டியை வாங்குவது. கம்ப்யூட்டரை அவளுக்குத் தாரை வார்ப்பது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அலமாரிக்குள் சந்தோஷமாக இருக்கட்டும். அறையும் கதவும் நாற்காலியும் நமக்கு.

"அப்ப கம்ப்யூட்டர் எனக்கா?" என்றாள் அவள்.

"உனக்கே உனக்கு. பெட்டி வந்தா எனக்கு அது எதுக்கு? பெட்டி தனியாவே நிக்கும்."

"கம்ப்யூட்டர் துணைக்கு வேணாமா?"

"துணையா? அதுக்கா?"

"கரண்டு?"

"பேட்டரி."

"மேஜை?"

"மடி இருக்கே."

"ஸ்பீக்கர் வெச்சாச் சத்தம் வெளிய வருமே?"

"ஹெட்போன மாட்டிட்டா எறும்புக்குக்கூடக் கேக்காது."

"அப்போ படிக்கட்டுல உக்காந்துகூட வாசிக்கலாம்ங்கறீங்க."

"படிக்கட்டு என்ன படிக்கட்டு? பஸ்ஸுல வாசிப்பேன், பாத்ரூம்ல வாசிப்பேன். நின்னா வாசிப்பேன், நடந்தா வாசிப்பேன்!"

"அப்புறம் ரூம் எதுக்குங்க உங்களுக்கு?"



பெட்டி வந்தது. டமாரம் படிக்கட்டுக்குப் போனார்.

அதற்காக அவர் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் நினைப்பில் அது போர்த்தந்திரம். பெரிய தளபதிகள் பின்வாங்குவதில்லையா, அந்த மாதிரி. கால்மேல் கால் போட்டு, மடியில் பெட்டியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினார். நிஜமாகவே நன்றாகத்தான் தட்டினார். எறும்புக்குக் கேட்கவில்லை. ஆனால் தாளம் ஏறினால் அவருக்குக் கால் சும்மா இருக்காது. படியில் தொம் தொம் என்று மிதித்தார். படிக்குக் கீழேதான் பல் டாக்டரின் அறை.

டாக்டர் முகமூடியோடு மேலே வந்தார்.

"சார், நான் ஒரு பல்லப் புடிச்சிருக்கேன். நீங்க தொம்முன்னா என் கை பக்கத்துப் பல்லுக்குப் போயிடுது."

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். குரூவ்பாக்ஸ்."

"குரூர பாக்ஸா?"

"குரூவ்! குரூவ்! என் நெலமயப் பாருங்க. இருந்த சொத்தை விட்டுட்டுப் படியில உக்காந்திருக்கேன்."

"சொத்தையா? மேல் பல்லா, கீழ் பல்லா? வாயத் திறங்க பாப்போம்."

"வாயத் திறந்துதான் டாக்டர் இங்க வந்து உக்காந்தேன்."

இப்படி இருக்கும்போது மெத்தைக் கம்பெனிக்காரரிடமிருந்து போன் வந்தது. அவர்கள் விளம்பரத்துக்கு மெட்டும் பாட்டும் வயலினும் முன்பே கம்ப்யூட்டரில் கட்டி வைத்தாயிற்று. தாளம் ஒன்றுதான் பாக்கி. அது பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பாட்டாக நாளைக்கு அனுப்பிவிட வேண்டும்.

மற்றவன் என்றால் கலங்கிப் போயிருப்பான். டமாரம் துள்ளிக் குதித்தார். அறைக்குள் போக இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"பெட்டியையும் கம்ப்யூட்டரையும் சேத்து வெக்கணும்."

"தனியாவே நிக்கும்னீங்க?"

"நிக்கும், நிக்கும். நாம கூடத் தனியா நிப்போம். அதுக்காகக் கல்யாணம் பண்ணிக்காம இருந்தோமா? ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் சரிப்படும்."

"கேபிள் எவ்ளோ நீளம்?"

நீளம்தான். சனியன், போன மாதம் அவரே பார்த்து வாங்கிய நீளம். கம்ப்யூட்டரில் ஒரு முனையைச் சொருகி, கதவு வழியாக விட்டால் மறுமுனை தாராளமாகப் படிக்கட்டுக்கு வந்தது.

"நீங்க அங்கயே உக்காந்து வாசிங்க. நான் இங்கேருந்து பதிஞ்சுக்கறேன்."

அவளுக்கு அந்த வித்தை தெரியுமா என்று கேட்கிறீர்களா? சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவள் வாசிப்பில் வருகிற தும்மலையும் இருமலையும் வெட்டிக் கொடுக்கச் சோம்பல்பட்டு, இப்படி வெட்டு, இப்படி ஒட்டு என்று உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். அவள் வெட்டி ஒட்டினால் தும்மியவருக்கே தும்மிய இடம் தெரியாது.

"சரி, இதுல தாளம் போடறது யாரு?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள்.

அங்கேதான் ஒரு சூட்சுமம். பெட்டிக்குள் ஒரு தாளம் ஓடுகிறது, கம்ப்யூட்டருக்குள் ஒரு தாளம் ஓடுகிறது. இரண்டும் தன் போக்கில் போனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. அதனால் ஒன்று முன்னே போக வேண்டும், மற்றது அது சொன்னபடி பின்னே வர வேண்டும். முன்னே போகிறது நின்றால் பின்னே வருவதும் நின்றுவிடும்.

"சந்தேகமென்ன? பெட்டிதான் முன்ன போகும்," என்றார்.

"பாட்டு முழுக்கக் கம்ப்யூட்டர்ல இருக்கு. பெட்டியில ஒரு கை தாளம்தான் இருக்கு. எதுக்கு எது தாளம் போடணும்?"

"நான் கம்ப்யூட்டருக்குத் தாளம் போடறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நீங்க எனக்குத் தாளம் போடறதா ஏற்கனவே சொல்லிட்டுத்தாங்க இருக்காங்க. புதுசா ஒண்ணும் சொல்லிடப் போறதில்ல."

டமாரம் விட்டுக் கொடுத்தார். பெருந்தன்மையாலா? இல்லை. அவர் கண் கதவின்மேல் இருந்தது. கேபிள் குறுக்கே கிடப்பதால் கதவு சாத்தவில்லை, ஒரு விரல் அளவு திறந்திருந்தது. போதுமே! இன்றைக்குக் கேபிள் போன வழியில் நாளைக்குக் கால் போகும். மறுநாள் ஒரு முக்காலி. அப்புறம் சுழல் நாற்காலி எங்கே போய்விடும்?

"ஜதி என்னுது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்!"

பெட்டியில் விளக்கு மினுங்கியது. கம்ப்யூட்டர் அங்கே சொல்லச் சொல்ல, பெட்டி இங்கே சமர்த்தாகப் பின்னாலேயே நடந்தது. ஒரு சுற்றுத்தான் போயிருக்கும். பெட்டி டக்கென்று நின்றது.

டமாரம் பெட்டியைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. முன்னே போகிறவர் தாளத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. பார்த்தாயா, பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிட்டது! அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பொறுப்பை நம் கையில் கொடுத்துவிட்டாள். பாவம், போகட்டும். சொல்லிக் காட்டக் கூடாது.

திருகைத் திருப்பினார். பெட்டி அவர் சொல் கேட்டது. இனி அவர்தான் முன்னே.

அப்புறம் அன்றைக்கு மத்தியானம் அந்தப் படிக்கட்டில் நடந்ததை எப்படிச் சொல்வேன்! மெத்தையில் ஒருத்தன் படுக்கிறான், அதற்கு ஒரு தாளம். புரளுகிறான், அதற்கு ஒன்று. கொட்டாவிக்குத் தனியாக ஒரு ஜால்ரா. ஒரு சுற்று வந்த மாதிரி இன்னொரு சுற்று வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தட்டினார். டாக்டர் இரண்டு தரம் மேலே வந்தார். இரண்டு தரமும் கண் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் மனைவி வெளியே வந்தாள். நெட்டி முறித்தாள்.

"முடிஞ்சுதுங்க. அனுப்பிட்டேன்."

"எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு. நாவல்லயும் நாலு அத்தியாயம் முடிச்சுட்டேன்."

நான் தட்டத் தட்ட இவள் எப்படி நாவல் வாசித்தாள் என்று டமாரம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வெற்றி பெற்றவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

மறுநாள் காலை மெத்தைக்காரர் போன் செய்தார். டமாரம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். டாக்டரையும் மேலே கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சார், அந்தத் தாளம்! பிரமாதம்! அப்படியே ஒரே சீரா, தாலாட்டற மாதிரி. மீட்டிங்ல போட்டுக் காமிச்சேன், முதலாளி தூங்கிட்டாரு சார்!"

மெத்தைக் கம்பெனியில் இதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. டமாரம் நெஞ்சை நிமிர்த்தினார். டாக்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"கேட்டீங்களா டாக்டர்? மத்தியானம் பூரா தட்டினேன். எத்தன தினுசு, எத்தன நெளிவு சுளிவு! இப்பேர்ப்பட்ட கையப் படியில உக்கார வெக்கலாமா? நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்தாம்மா, இன்னியிலேருந்து ரூம்..."

"என்னங்க," என்றாள் அவள், நாவல் வாசிக்கிற அதே குரலில், "ஒரு சுற்றுப் பதிஞ்சதுமே கேபிளக் கழட்டிட்டேங்க. அந்த ஒண்ணையே வெட்டி வெட்டிப் பாட்டு முழுக்க ஒட்டிட்டேன். அது குறுக்க கெடந்தாக் கதவு சாத்த மாட்டேங்குது."