ஒரு தாங்கி, இரண்டு வீடு

சுல்பாவின் குசினிக் குழாய் மூன்று சொட்டு விட்டது, ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு நின்றுவிட்டது.

"நேத்துத்தானே புதுக் குழாய் பூட்டின?" என்று பைப் வேலை பாஸ் ஃபைஸலைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாய் புதுசு மாமி. சுவத்துக்குள்ள போற பைப் பழசு. உப்புக் காத்து தின்னுட்டுது."

பள்ளிவாசல்துறையில் இரும்பாகப் பிறந்த எதுவும் முழு ஆயுசு வாழ்வதில்லை. சுல்பா தலையாட்டினாள். சுவரை உடைத்துப் புதுப் பைப் போட்டார்கள். மத்தியானம் தண்ணீர் குதித்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் சொட்டும் இல்லை. குசினிச் சுவரும் இல்லை.

சுல்பாவுக்கும் அடுத்த வளவில் இருக்கிற தங்கச்சி ஃபாஹிமாவுக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கிதான். உம்மா இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் சீதன வீடு கட்டிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் பிரித்தார், தண்ணீரைத் தவிர. ஃபாஹிமாவின் வீடு பள்ளத்தில். அவள் திறந்தால் இங்கே நின்றுவிடும்.

முன்பெல்லாம் சுல்பா மதிலோரம் போய், "அடியே, பைப்பப் பூட்டுடி!" என்று ஒரு சத்தம் வைப்பாள். "தலையில சவர்க்காரம் ராத்தா, கண் எரியுது!" என்று பதில் வரும். அதில் தொடங்குகிற கதை, கறி அடிப்பிடிக்கும்வரை போகும்.

இப்போது கதை இல்லை. சுல்பாவின் மகளுடைய கலியாணத்தில் ஃபாஹிமாவைக் குடும்பத்துச் சஹனில் இருத்தாமல், முந்தல் ஊரில் இருந்து வந்த யாரோ பெண்களோடு இருத்திவிட்டார்கள். ஒரே தட்டைச் சுற்றி யாரோடு யார் கை வைத்தார்கள் என்பதை அந்த ஊர் பேரப்பிள்ளை காலம்வரை மறக்காது. பிழை சுல்பாவுடையதுதான். ஆனால் மூத்தவள் முதலில் இறங்கிப் போவதா?

"மதிலால ஒரு சத்தம் வையேன்" என்றார் அவள் கணவர் ஜப்பார்.

"இப்ப சத்தம் வச்சா, தண்ணிக்குச் சண்டை பிடிக்கிறேன் எண்டு நினைப்பாள். அவளா ஒரு வார்த்தை கதைக்கட்டும்."

சொன்னாளே தவிர, ஒவ்வொரு காலையும் வெறுங்குடத்தோடு மதிலோரம் போய் நின்றாள். ஃபாஹிமாவின் குரலைக் கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஃபைஸல் முற்றத்தைத் தோண்டினான். தாங்கியில் இருந்து பெரிய பைப்பாகப் போட்டான். அன்று மத்தியானமும் தண்ணீர் குதித்தது. மறுநாள் காலையில் குழாய் விசில் மட்டும் அடித்தது.

"இனி ஒரே வழிதான் மாமி. அங்கால போற லைனை வெட்டிப் பிரிக்கணும். உங்களுக்குத் தனித் தாங்கி."

சவர்க்காரம் காய்ந்த தலையோடு ஜப்பார் வெளியே வந்தார். "வெட்டு ஃபைஸல்! தொழுகைக்கு ஒளூ செய்யவும் பள்ளிவாசலுக்கு, குளிக்கவும் பள்ளிவாசலுக்கு எண்டு எத்தனை நாள் ஓடுற?"

"வெட்ட வேணாம்" என்றாள் சுல்பா.

"ஏன் புள்ள?"

"எனக்கும் அவளுக்கும் நடுவுல அந்தப் பைப் ஒண்டுதான் மிச்சம்." கண்கள் நிறைந்து வழிந்தன.

"தண்ணி வராத வீட்டுல இதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று ஜப்பார் முணுமுணுத்தார். ஆனாலும் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

குடும்பம் நடத்தத் தண்ணீர் வேண்டும். கடைசியில் சுல்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னவோ செய்யுங்க" என்றாள். ஃபைஸல் குழியில் இறங்கி அறுக்கிற வாளைப் பைப்பில் வைத்தான்.

அப்போது படலையைத் திறந்துகொண்டு ஃபாஹிமாவின் கணவர் மக்பூல் வந்தார். சாரம் முழங்காலுக்கு மேலே, காலெல்லாம் சேறு. சுல்பாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. ஃபாஹிமாவும் வெட்டத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"அவசரம் வேணாம் மச்சான். வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றாள், குரல் உடைந்து.

மக்பூல் குழியைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், தலையில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே, வெட்டிராதீங்க மதினி! மதிலடிக்கு வந்து ஒருக்கா அவளை ஏசிவிடுங்க. நீங்க குசினிக்கு வாற நேரம் பார்த்து வீட்டுப் பைப் எல்லாத்தையும் திறந்துவிடுறாள். எங்கட வாழையெல்லாம் அழுகிப் போச்சு, ராத்தா சத்தம் வைக்கிற வரைக்கும் பூட்டமாட்டாளாம்!"