தேவாங்கின் கண்ணும் பூட்டிய பீரோவும்

ஒரு காட்டில் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அந்தக் காட்டின் சிங்கம் எப்போதோ மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டதால் இந்தக் கதையில் சிங்கம் வராது. பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஒரு கரடி. பெயர் கரியமாணிக்கம். வேதியியல் ஆசிரியர் ஒரு கீரி. பெயர் தணிகாசலம். பாம்புக்கு அஞ்சாதவர். கரடிக்கு மட்டும் அஞ்சுவார்.

பள்ளியில் வேதியியல் ஆய்வகம் இருந்தது. அதில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் இருந்தன. பாதுகாப்புக் கண்ணாடிகளும், கையுறைகளும், சூடான சோதனைக் குழாயைப் பிடிக்கும் இடுக்கிகளும் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் ஒரு பீரோவுக்குள் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது. சாவி கரடியிடம் இருந்தது. ஆயுத பூஜை அன்று மட்டும் கரடி அதைத் திறப்பார். ஒவ்வொரு கண்ணாடிக்கும் உறையின் மேலேயே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார். சுண்டல் தீர்ந்ததும் மறுபடி பூட்டிவிடுவார்.

சுவரில் தண்ணீர்க் குழாயும் இருந்தது. குழாய்க்குப் பின்னால் சுவர் இருந்தது. சுவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தீயணைக்கும் மணல் வாளியும் இருந்தது. அந்த மணலைக் காட்டுப்பூனை மாணவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதினால் இந்தக் கதையைப் பாடநூலில் சேர்க்க மாட்டார்கள். வாசலில் விதிகள் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. 'உணவும் தண்ணீரும் உள்ளே கொண்டுவரக் கூடாது' என்பது அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் பவளக்கொடி என்ற தேவாங்குப் பெண் படித்தாள். அவள் முகத்தில் பாதி கண்தான். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால், இருட்டில் பூச்சி பிடித்து வீட்டுக்குக் கொடுப்பவள் அவள் ஒருத்தியே. அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆனால் தம்பி தங்கைகளுக்குச் சாப்பாடு இல்லை. மறுநாள் அடர் கந்தக அமிலம் வைத்து உப்புச் சோதனை என்று தெரிந்ததும் அவள் கீரியிடம் போனாள்.

"சார், எனக்கு மட்டும் ஒரு கண்ணாடி குடுங்க சார். முடிஞ்சதும் தொடச்சுக் குடுத்துடறேன்."

"எனக்கும் குடுக்கணும்னுதாம்மா ஆசை. சாவி அவர்கிட்ட இருக்கு. நீயே கேட்டுப் பாரு. நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிடாத."

பவளக்கொடி கரடியின் அறைக்குப் போனாள். கரடி கண்ணை மூடித் தேன் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி என்றதும் திறந்தார்.

"கண்ணாடியா? அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருது. நீ போட்டுக் கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அமிலம் கண்ணுல பட்டுட்டா சார்?"

"உன் கண்ணு நம்ம ஸ்டாக்குல இல்லம்மா" என்றார் கரடி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னார்.

மறுநாள் சோதனை நடந்தது. இடுக்கிகளும் பூட்டப்பட்டிருந்ததால், அந்தப் பள்ளி வழக்கப்படி எல்லாரும் பழைய விடைத்தாளை மடித்து, அதைச் சோதனைக் குழாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்துச் சூடாக்கினார்கள். பவளக்கொடிக்குப் பக்கத்தில் அவள் தோழி அம்புஜம் இருந்தாள். அம்புஜம் ஒரு யானைக்குட்டி. ஆய்வக வாசலுக்குள் நுழைய முடியாதென்பதால் ஜன்னலுக்கு வெளியே நின்று, துதிக்கையை மட்டும் உள்ளே நீட்டிச் சோதனை செய்வாள்.

பவளக்கொடியின் விடைத்தாள் கருகித் தீப்பிடித்தது. குழாய் சாய்ந்தது. உள்ளே இருந்தது குபுக்கென்று பொங்கி, ஒரு துளி அவள் இடது கண்ணில் விழுந்தது.

"ஐயோ, எரியுதே! அம்மா, எரியுதே!"

கீரி ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. பீரோவை உலுக்கினார். பூட்டு நல்ல பூட்டு.

"கண்ணத் தொறடி பவளம், மூடாத!" என்று அம்புஜம் ஜன்னலிலிருந்து கத்தினாள். இடைவேளையில் குளத்தில் உறிஞ்சிய தண்ணீர் அவள் துதிக்கையில் இருந்தது. அதை மெதுவாக, கண்ணில் அடிக்காதபடி வழியவிட்டாள். தீர்ந்ததும் குளத்துக்கு ஓடினாள். திரும்பி வந்து ஊற்றினாள். மறுபடி ஓடினாள். எரிச்சல் அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கீரி தன் வாலைத் தூக்கிக் காட்டினார். "இது என்னம்மா தெரியுது?"

"வாலு சார். நுனியில மை ஒட்டியிருக்கு."

கண் சிவந்திருந்தது. ஆனால் பார்வை பிழைத்தது. கீரி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பாதுகாப்பு ஆய்வுக்கு அந்தக் காட்டில் எப்போதும் கழுகு அதிகாரியைத்தான் அனுப்புவார்கள். விபத்து நடந்த இடங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பவளக்கொடி நடந்து வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் லேசாக வாடியது.

"என்ன நடந்துச்சு? பயப்படாம உண்மையைச் சொல்லு பாப்பா."

பவளக்கொடி கரடியைப் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பும் வயது அவளுக்கு. "கண்ணாடியப் பூட்டி வச்சிருந்தாங்க ஐயா. இடுக்கியும் பூட்டித்தான் இருந்துச்சு. குழாயில தண்ணி வரல. அம்புஜம் துதிக்கையில தண்ணி வச்சிருந்தா. அவதான் ஊத்திக் காப்பாத்துனா."

கழுகு பீரோவைப் பார்த்தார். "கண்ணாடி இருக்கணும்னு விதி. இருக்கு. கீறல்கூட இல்ல, ரொம்ப சந்தோஷம். இடுக்கி இருக்கணும். இருக்கு. குழாய் இருக்கணும்..."

கீரி குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இருக்கு" என்றார் கழுகு. பிறகு வாசல் பலகையை அலகால் தட்டினார். "தண்ணி உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு போட்டிருக்கே. யானை ஏன் கொண்டுவந்துச்சு?"

"ஐயா, நான் வெளியதான் நின்னேன்" என்றாள் அம்புஜம்.

"துதிக்கை உள்ள இருந்துச்சில்ல?"

விபத்துக்குக் காரணம் எதுவும் இல்லை என்றும், விதிமீறல் ஒன்று உண்டு என்றும் கழுகு முடிவு சொன்னார். அம்புஜம் அன்றே அறிவியல் பிரிவிலிருந்து வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள், ஜன்னலை விட்டு நகர்ந்து மைதானத்தைக் கடந்து போனாள். கரடிக்குச் சிறந்த ஆய்வகப் பராமரிப்புக்காகப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பவளக்கொடி காலி ஜன்னலைப் பார்த்தாள். அம்புஜத்தைக் காட்டிக்கொடுத்தது தான் சொன்ன உண்மைதான் என்பது அவளுக்குப் புரிந்தது. தாங்க முடியாமல் இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது.

கீரி பதறிப்போய்க் கழுகு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"உள்ள தண்ணி கூடாதும்மா. வெளிய போய் அழு."

நீதி: ஆபத்தில் இருப்பவருக்கு உதவப் போகும் முன் விதிகளை முழுவதும் படித்துவிடுங்கள். படித்து முடிப்பதற்குள் உதவி தேவைப்படாமல் போய்விடும்.