கம்பளி நைனா முடிக்காத ஸ்வெட்டர்

பட்டாபிராமில் எங்கள் தெருக்காரர் யாருக்கு என்ன நடக்கப்போகிறது என்பது, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவதற்கு முன்பே கம்பளி நைனாவின் கைக்குத் தெரிந்துவிடும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நான் பெரிய பகுத்தறிவுவாதி. பூனை குறுக்கே போனால் அதைக் கூப்பிட்டு இன்னொரு தடவை போகச் சொல்லுகிற ரகம். அப்படிப்பட்ட என்னையே எதிர்வீட்டு மனிதர் ஒருவர் இரண்டு பின்னல் ஊசிகளை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடுங்க வைத்தார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். பனிமலையில் பல வருடம் அடுப்பு ஊதியிருக்கிறார். பின்னக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

"அவ்ளோ ஒசரத்துல தண்ணி கொதிக்கும்பா, அரிசி வேகாது. சொம்மா மொறச்சிகினே கெடக்கும். நான் இன்னா பண்றது? பக்கத்துல மலைக்காரப் பொம்பளைங்க பின்னிகினு இருப்பாங்க. குந்திகினு கத்துகினேன். சோறு வேகறதுக்குள்ள ஒரு மப்ளர் முடிஞ்சுடும்" என்பார்.

சோறு சீக்கிரம் வெந்துவிடும் ஊருக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. பட்டாபிராமில் குளிர்காலம் என்பது மார்கழி விடியற்காலையில் வந்து, பால்காரர் மணியடித்துவிட்டுப் போவதற்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அந்த ஊரில்தான் இந்த மனிதர் பனியன்கூடப் போடாமல், வியர்வை சொட்டச் சொட்ட, கழுத்துவரை மூடுகிற ஸ்வெட்டராகப் பின்னித் தள்ளினார். நூலுக்குப் பஞ்சமில்லை. பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய ஸ்வெட்டர்களை ஏலத்தில் மூட்டையாக எடுத்து வந்து, பிரித்து, துவைத்து, உருண்டையாகச் சுற்றி வைத்திருப்பார். எல்லாம் ஒரே பாசிப்பச்சை.

குடும்பமே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சினிமாவுக்கும் கடற்கரைக்கும் ரயிலேறும்போது, அவர்கள் வாசல் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நைனா பின்னுவார். கம்பளியம்மா என்று நாங்கள் அழைத்த அவர் மனைவி, பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்து ஒட்டுப் போர்வை தைப்பார். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற மகன் தையல் மிஷினை மிதிப்பான். மகள் பூவேலை செய்வாள். யாரும் விற்கவில்லை. எல்லாம் அவர்களுடைய சந்தோஷத்துக்கு. ஊசிகள் 'டிக் டிக்' என்று ஒரே தாளத்தில் தட்டும். நீண்ட நேரம் யாரும் பேச மாட்டார்கள். திடீரென்று நான்கு பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். எதற்கு என்று தெரியாது. பட்டப்பகலில் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்ததுண்டு.

விவகாரம் ராஜம்மாள் வீட்டில் ஆரம்பித்தது. ராஜம்மாள் எங்கள் தெருவின் செய்தி நிலையம். மகனுக்குக் கல்யாணம் முடித்த கையோடு, ஒரு நாள் நைனா கட்டைவிரல் அளவுக்கு ஏதோ பின்னுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, இத்தினியூண்டு சாக்ஸு? யாருக்கு?"

"உன் ஊட்டுக்குத்தான்."

"என் ஊட்ல ஏது கொயந்த?"

"எனக்கின்னா தெரியும்? கை போவுது, பின்றேன்."

அந்த வாரமே மருமகள் தாளிப்பு வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். சரி, தற்செயல் என்று விட்டோம். அடுத்தது மூலை வீடு. அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த பெண்ணின் குழந்தைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னி முடித்தவர், கையைக் கீழே வைக்காமல் இன்னொரு ஜோடியும் ஆரம்பித்தார். பிறந்தது இரட்டை.

பிறகு தெருக்கோடிப் பெரியவர். அக்கினி நட்சத்திரம், தார் ரோடு உருகுகிறது. நைனா ஒரு முரட்டுச் சால்வையோடு போய் நின்றார்.

"போத்திக்கோ பெரியவரே. குளிரும்."

"இந்த வெயில்லயா? மூளை கீளை கலங்கிடுச்சா உனக்கு?"

மறுநாள் பெரியவருக்குக் குளிர்காய்ச்சல். தெருவில் இருந்த போர்வையெல்லாம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் அந்தச் சால்வைதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அதோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் நைனா வீட்டைத் தாண்டும்போது ஆண்கள் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். நேராக நடந்தால் கண்ணாலேயே அளவு எடுத்துவிடுவாராம். பெண்கள் அவர் கண்ணில் படாமல் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் உலர்த்தினார்கள். சைக்கிள் கடை மாரிக்கு ஒரு பெரிய சாக்ஸ் வந்தது. ஒன்றே ஒன்று. மாரி பதறிப்போனான். போகப்போவது வலது காலா, இடது காலா? சைக்கிள் கடைக்காரன் சைக்கிள் ஏறுவதை விட்டான். குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்ததில், விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றியில் தையல் போட்டுக்கொண்டான். கட்டோடு போய் நைனாவிடமே அழுதான்.

"எந்தக் காலு நைனா? சொல்லிடு. மனசத் தேத்திக்கிறேன்."

"ரெண்டு காலுக்குந்தாண்டா. நூலு தீந்துபோச்சு. இன்னொண்ணு அப்பால தரேன்."

தெரு சிரித்தது. ஆனால் அரை மனதோடுதான் சிரித்தது. நெற்றியில் தையல் விழுந்தது விழுந்ததுதானே? ராஜம்மாள் குழாயடியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அதெல்லாம் செத்துப்போன பட்டாளத்தானுங்க போட்டுகினு இருந்த உல்லனு. அவனுங்கதான் நைனா கைக்குச் சொல்லித் தரானுங்க." நான் அறிவியல் ரீதியாக மறுத்தேன். மறுத்துவிட்டு, எங்கள் வீட்டில் அவர் கூடத்தைப் பார்த்திருந்த ஜன்னலுக்குக் கனமான துணி ஒன்றைத் திரையாகப் போட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் மனைவி சரோஜாவுக்கு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் பாதியில் போய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் பேசுவதே குறைந்துவிட்டது. இப்போது மூன்றாவது. இதுவும் போனால் அவள் என்ன ஆவாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில், குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு முழத் துணிகூட வாங்க மாட்டோம். தைக்க மாட்டோம், தொட்டிலைப் பற்றிப் பேச மாட்டோம். பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது யாராவது கட்டிப் பழசான வேட்டித் துணியில்தான். முன்கூட்டி ஆயத்தம் செய்தால் கண் பட்டுவிடும், குழந்தை தங்காது. பகுத்தறிவுவாதி வீட்டிலும் இதுதான் சட்டம். ஆகவே எதிர்வீட்டு ஊசிகளுக்குத் தெரியாமல் மூன்றாம் பேற்றை ஒளித்து வைத்தோம். சரோஜா கொல்லைப்புறச் சந்து வழியாகவே போய் வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையை விலக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர்க்கூடத்தில் நான்கு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நைனா மடியில் மஞ்சள் நூல். பாசிப்பச்சை தவிர வேறு நிறம் அந்த வீட்டு ஊசியில் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. புத்தம்புது நூல். ஊசியில் தொங்கியது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்வெட்டர் கை.

"ஏங்க, போய் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"நைனா, யாருக்குப் பின்றீங்க?"

"உன் ஊட்டுக்குத்தான் தம்பி."

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"பிரிச்சிடுங்க நைனா. உங்க கால்ல வேணா விழறேன். இதுவும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா."

ஊசிகள் நின்றன. அந்தக் கூடத்தில் ஊசிச் சத்தம் இல்லாமல் இருந்தது அதுவரை நான் அறியாதது. கம்பளியம்மா வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். நைனா நிமிர்ந்தார். மனிதர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இங்க நீங்கல்லாம் கொயந்தைக்கு முன்னாடியே துணி தச்சா தங்காதுன்றீங்க. அங்க மலையில நேர்மாறு. வவுத்துல கொயந்த கீதுன்னு தெரிஞ்சாலே பின்ன ஆரம்பிச்சிடுவாங்க. பின்னலன்னா, நம்மளுக்காக யாரும் காத்துகினு இல்ல போலன்னு கொயந்த திரும்பிப் பூடுமாம். போன ரெண்டு வாட்டியும் என் கை அரிச்சிது. தெருவுல பயப்படறாங்களேன்னு கையக் கட்டிகினு குந்திட்டேன். ரெண்டு வாட்டியும் இன்னா ஆச்சுன்னு பாத்தேன்பா. இந்த வாட்டி சொம்மா குந்த முடியல."

பின்னினால் போய்விடும் என்கிறது எங்கள் ஊர். பின்னாவிட்டால் போய்விடும் என்கிறது அவருடைய மலை. பகுத்தறிவுக்கு இதில் எந்தப் பக்கமும் நிற்க இடமில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சரோஜா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"பின்னுங்க நைனா. ஆனா முடிச்சிடாதீங்க" என்றாள்.

அந்தக் குடும்பம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கம்பளியம்மா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அன்றிலிருந்து சரோஜா பொழுதெல்லாம் எதிர்வீட்டில்தான். அவள் கையிலும் ஊசி வந்தது. ஸ்வெட்டர் வளரும். ஒரு கை, இன்னொரு கை, மார்பு, கழுத்து. கழுத்தில் கடைசி வரிசைக்கு வந்ததும் நைனா ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுப்பார். சரசரவென்று மொத்தமும் பிரிந்து மடியில் விழும். மகள் உருண்டையாகச் சுற்றித் தருவாள். மறுபடி பின்னலின் முதல் கண்ணி. முடிந்துவிட்ட துணியில்தானே கண் படும்? காத்திருக்கிறோம் என்பதும் குழந்தைக்குத் தெரிய வேண்டுமே. இரண்டு ஊருக்கும் பொதுவாக அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

ஒவ்வொரு தடவை நூலை இழுக்கும்போதும் வயிற்றுக்குள் உதைக்கிறது என்று சரோஜா சொன்னாள். "உளறாதே" என்றேன். "வாங்க, கை வச்சுப் பாருங்க" என்றாள். வைத்தேன். அங்கே நைனா நூலை இழுத்தார். இங்கே உதைத்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்து ரயிலில் வந்து தெருவில் திரும்பினால், முன்பு நான்கு பேர் சேர்ந்து சிரித்த இடத்தில் இப்போது ஐந்து பேர் சிரிப்பது கேட்கும். அதில் ஒன்று என் மனைவியின் சிரிப்பு. மயிர்க்கூச்செறியும். அதே சமயம், அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றும். பயப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நிற்பேன்.

பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை. திரும்பினேன். சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை, ஊசி இல்லை, மிஷின் இல்லை. நைனா வீட்டுக் கதவு முதல் முறையாக மூடியிருந்தது. ராஜம்மாள் ஓடி வந்தாள்.

"வலி வந்துடுச்சுப்பா. ஊடே காலி. எல்லாரும் ரிக்‌ஷாவுல ஆஸ்பத்திரிக்குப் பூட்டாங்க."

நாள் இன்னும் இருந்தது. முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான், நாள் வருவதற்கு முன்னால் வந்த வலி. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குடும்பம் மொத்தமும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நைனா கையில் மஞ்சள் ஸ்வெட்டர். கழுத்து வரைக்கும் வந்திருந்தது. நர்ஸ் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"யோவ், பிரசவ வார்டு வாசல்ல இன்னாயா இது, தையல் கடையா? எழுந்திருங்க."

"தோ, முடிஞ்சுடும்மா" என்ற நைனா, முடிக்காமல் நூலை உருவினார். ஸ்வெட்டர் பிரிந்து மடியில் விழுந்தது. உள்ளே சரோஜா அலறினாள். நைனா மறுபடி ஊசியை எடுத்தார். முதல் கண்ணி ஊசியில் ஏற மறுத்தது. அந்த மனிதருக்கும் பயமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அருகில் உட்கார்ந்து நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னினார், நான் நூல் விட்டேன். ஒரு கை முடிந்தது. இன்னொரு கை. மார்பு. வெயில் தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. கழுத்துக்கு வந்தோம். கடைசி வரிசை. நைனா ஊசியை உருவப் போனார்.

உள்ளே குழந்தை அழுதது.

உருவப் போன ஊசியை நைனா அப்படியே பிடித்துக்கொண்டார். அது இன்னொரு தடவை, கோபமாக அழுதது. கதவு திறந்தபோது நைனா உள்ளே எட்டிப் பார்க்காமல் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்மாடி சரோஜா, இப்ப முடிச்சிடலாமா?"

"முடிங்க நைனா" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

கடைசிக் கண்ணியை மூடிவிட்டுப் பல்லால் நூலைக் கடித்தார்.

என் மகளுக்கு அந்த ஸ்வெட்டர் அளந்து தைத்ததுபோல் இருந்தது. சித்திரை வெயிலில், பட்டாபிராமில், கம்பளி போட்ட ஒரே குழந்தை அவள்தான். உடம்பெல்லாம் வேர்க்குரு. வீல் வீலென்று கத்தினாள். ஆனாலும் அதைக் கழற்ற எனக்கும் துணிச்சல் வரவில்லை, சரோஜாவுக்கும் வரவில்லை. கடைசியில் நைனாவே வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கையாக உருவி எடுத்தார்.

"போதும்பா. நம்ம காத்துகினு இருந்தது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே எங்கயும் போவாது."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. தெருவே பயந்து ஒதுங்கிய அந்தக் கையை, அன்றைக்கு அதனிடமிருந்து விடுவிக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.