அணு பேட்டரிக்குச் சார்ஜ் போட்டவர்

தன் கடையை மூட வைக்கப்போகிற கம்பெனிக்குத் தானே பணம் கட்டிய வியாபாரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உலகத்திலேயே அப்படி ஒருத்தர்தான் இருந்தார். அவரும் அரியலூரில், என் ரூமுக்கு அடுத்த கதவில் இருந்து என் உயிரை வாங்கினார்.

ஜப்பான் சண்டை முடிந்திருந்த சமயம். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. பக்கத்துக் கடையில் ஒரு ஆயில் இஞ்சினும் டைனமோவும் வைத்துக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார் அந்த வரதராஜன்பேட்டைக்காரர். ஞானஸ்நானப் பேர் என்னவோ இருந்தது. ஊருக்கு அவர் 'ஆசிட்' தான். ஆசிட் தெறித்துத் தெறித்து அவரிடம் ஓட்டை இல்லாத வேட்டியே கிடையாது. பூசைக்குக் கட்டிப்போகிற சரிகை வேட்டியிலும் ஓட்டை. கேட்டால், "காத்து வரும் சார்" என்பார்.

அப்போதெல்லாம் கிராமத்தில் கரண்ட் ஏது? உடையார்பாளையம், விக்கிரமங்கலம் பக்கத்து மிராசுதார்கள் தங்கள் ரேடியோ பேட்டரியை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளைத்தாச்சியை அனுப்புவது போல அனுப்பி வைப்பார்கள். ஆசிட் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டிக்காரனைத்தான் திட்டுவார். "உங்க ஐயாவுக்குக் கச்சேரி கேக்க நேரங்காலம் கெடையாதா? இது என்ன இரும்பா, பாவம், எப்படி எளைச்சுப் போயிருக்கு பாரு." வண்டிக்காரன் பயந்துபோய்த் தலையை ஆட்டுவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு அணுகுண்டுதான் சனியனாக வந்தது. மதராஸில் எவனோ ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தான். தீப்பெட்டி அளவில் அணு பேட்டரி செய்யப்போகிறார்களாம். ஒரு தடவை ரேடியோவில் மாட்டினால் ஆயுசுக்கும் சார்ஜே போட வேண்டாமாம். கோட்டுப் போட்ட ஒரு ஏஜென்ட் பையன் ரயிலில் வந்து இறங்கி, ஊர் ஊராக ஷேர் விற்றுக்கொண்டிருந்தான்.

நியாயமாகப் பார்த்தால் ஆசிட் அவனை அடித்து விரட்டியிருக்க வேண்டும். அவர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, முதல் ஆளாக ஷேர் வாங்கினார்.

"உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது வந்தா உம்ம கடைக்கு எவன் வருவான்?" என்றேன்.

"அதனாலதான் சார் வாங்குறேன். கடை போவப்போறது நிச்சயம். போவும்போது கடைய எவன் கொண்டுபோறானோ அவன் கம்பெனியில நாம இருந்துடணும்ல?"

"அணுவாவது பேட்டரியாவது! நம்புறீரா நீர்?"

"ஒரு ஊரையே அழிச்ச சரக்கு சார். ஒரு ரேடியோவ ஓட்டாதா?"

நான் தலையில் அடித்துக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் அட்டகாசம் தாங்க முடியாமல் போயிற்று. மீன்சுருட்டியிலிருந்து ஒருத்தர் மெனக்கெட்டு பேட்டரியைத் தூக்கி வந்தால், "இதுக்குப் போயி எதுக்குங்க காசை வீணாக்குறீங்க, கொஞ்சம் பொறுங்க, அணு வந்துரும்" என்று திருப்பி அனுப்புவார். அவர் சம்சாரம் மேரியக்கா பின்னாடியே ஓடி, பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்த ஆளைப் பிடித்து இழுத்து வருவாள். பாதி வியாபாரம் அந்த அக்கா ஓடிய ஓட்டத்தில்தான் நடந்தது.

முந்திரித் தோப்பை விற்றார். ஷேர் வாங்கினார். அப்புறம் ஒரு நாள் இஞ்சினையும் டைனமோவையும் விற்கப்போவதாகச் சொன்னார். உடையார்பாளையம் ரைஸ் மில்காரர் ஒருத்தர் விலை பேசி முடித்துவிட்டார். அந்தப் பணத்துக்கும் ஷேராம். அந்த இஞ்சின் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மேரியக்கா என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்க தம்பி. புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று அழுதாள். நான் சொன்னேன், கத்தினேன், ரெண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மாதா கோயில் பங்குச்சாமியார் கூப்பிட்டுச் சொன்னார். சாமியாருக்கே ஷேர் விற்கப் பார்த்துவிட்டு வந்தார் இந்த ஆள்.

மில்காரர் வண்டியோடு வந்துவிட்டார். நாலு ஆள் இஞ்சினுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேரியக்கா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான் ஏஜென்ட் பையன். கையில் ஈயத்தகடு அடித்த ஒரு பெட்டி. அணு பேட்டரியின் மாதிரியாம். அதை வைத்துத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் பல்ப் எரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் பெரம்பலூர்க் கூட்டத்தில், தாசில்தார் முன்னால், பல்ப் மங்கி மங்கி அணைந்துவிட்டது.

"அண்ணே, நாளைக்கு ஜெயங்கொண்டத்துல கூட்டம். இதுக்குக் கொஞ்சம்..." என்று இழுத்தான். பக்கத்தில் என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தர முடியுமாண்ணே? மூடிய மட்டும் தொறந்துடாதீங்க. உள்ள கதிர் இருக்கு."

கதிராவது கத்திரிக்காயாவது! நான் நின்ற இடத்துக்கே சாதாரண பேட்டரியின் ஆசிட் வாடை குப்பென்று அடித்தது. அப்பாடா, இனிமேலாவது இந்த மனுஷனுக்குக் கண் திறக்கும் என்று நினைத்தேன்.

ஆசிட் பெட்டியை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பையன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மில்காரர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கணும் முதலாளி. இஞ்சின் குடுக்கிறதுக்கில்ல."

"என்னய்யா வெளையாடுறியா? வண்டி புடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

"என்ன பண்றது, நம்ம கம்பெனி பேட்டரியே சார்ஜுக்கு வந்துருச்சு. இஞ்சின உங்களுக்குக் குடுத்துட்டா, நாளைக்கு அணுவுக்கு யாருங்க சார்ஜ் போடுவாங்க?"

மில்காரர் வாயில் வந்தபடி திட்டிவிட்டு வெறும் வண்டியோடு போனார். ஆசிட் கயிற்றை அவிழ்த்து, இஞ்சினை ஓட்டி, பெட்டிக்கு ஒயரை மாட்டினார். மறுநாள் காலையில் பையனிடம் கூலியும் வாங்கவில்லை. "சொந்தக் கம்பெனிகிட்ட எவனாச்சும் காசு வாங்குவானா?" என்றார். அன்றைக்குப் போன பையன் போனவன்தான். கொஞ்ச நாளில் கம்பெனியும் போயிற்று, தோப்பும் அதோடு போயிற்று. இஞ்சின் மட்டும் மிஞ்சியது. அது மிஞ்சியதால் நாலு பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

அரியலூரிலிருந்து எனக்கு மாற்றலானபோது ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அப்போதுதான் கேட்டேன். "உண்மையச் சொல்லும். அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு உமக்குத் தெரியாதா?"

"அந்த வாடை எனக்குத் தெரியாதா சார்?"

"அப்புறம் ஏன் மூடியத் தொறந்து அவன் சட்டையைப் புடிக்கல?"

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள மேரி அழுதுகிட்டு இருந்தா சார். வித்துடுறேன்னு ஊரெல்லாம் வீராப்பா சொல்லிட்டேன். எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த நேரத்துக்கு ஒரு சாக்கக் கொண்டாந்து கையில குடுக்கிறான் அந்தப் பையன். அதப்போயி மூடியத் தொறந்து பாப்பாங்களா?"

வண்டி நகர்ந்தது. இத்தனை நாள் இவரை முட்டாள் என்று திட்டிய வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டுமென்று ஜன்னலில் தலையை நீட்டினேன். அதற்குள் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது, கையை மட்டும் ஆட்டினேன்.